‘இனிமே வராது’ என்று நான் சொன்னது

கோவில்பட்டியில் என்னைக் கண்டால் இன்றைக்கும் சிலர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுகிறார்கள். போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில், எதிர் வரிசையில் இருந்த பெண் தன் பிள்ளையிடம், “அந்தா பாரு, ஊசி அக்கா. சோத்த மிச்சம் வச்சேன்னா வந்து குத்திருவாக” என்றாள். முப்பத்தோரு வருஷம் ரத்தப் பரிசோதனை அறையில் வேலை பார்த்தவளுக்கு ஊர் கொடுத்த பட்டம் அது. நான் குத்தினால் வலிக்காது என்பது என் கட்சி. ஊரின் கட்சி வேறு.

நான் வேலை பார்த்த மருத்துவமனையில் இப்போது என் இடத்தில் இருக்கும் பெண்கள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். மழைக்காலத்துக்கு முன்னால், வெளிநோயாளிகள் உட்காரும் கூடத்தில் டெங்குவைப் பற்றி ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். “வைரஸ் நம்ம செல்லுக்குள்ள எப்படி நுழையுதுன்னு நீங்க எழுதினா ஜனங்களுக்குப் புரியும்க்கா. பத்து வரி போதும்” என்றார்கள். பத்து வரியில் எனக்குச் சொல்ல வரவில்லை. நான் அதைத் தெரிந்துகொண்ட விதம் அப்படி. முழுவதையும் எழுதிவிடுகிறேன், பலகைக்கு வேண்டியதை அவர்கள் கத்தரித்துக்கொள்ளட்டும்.

என் பெயர் எஸ்தர். பிறந்தது கயத்தாறு. பாளையங்கோட்டையில் தங்கி ஒரு வருஷம் பரிசோதனைப் படிப்பு படித்தேன். அதில் இன்றைக்கு நினைவிருப்பது விடுதிச் சாம்பாரும், நுண்ணோக்கியில் புழு முட்டை தேடிக் கழுத்து வலித்ததும்தான். அப்புறம் கோவில்பட்டிக்கு வந்து, முப்பது படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அங்கேயேதான் ஓய்வும் பெற்றேன்.

வேலையை எனக்குக் கற்றுத்தந்தது அங்கிருந்த பெரிய டாக்டர் சவரிராயன். ஒல்லியான மனிதர், சத்தம் போட்டு யாரையும் திட்டியதில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எதைச் சொன்னாலும், “எதை வச்சுச் சொல்லுதீங்க?” என்று கேட்பார். மலேரியா இல்லை டாக்டர் என்றால், எதை வச்சு? கண்ணாடித் தகட்டில் எத்தனை இடத்தில் பார்த்தீர்கள்? ஒருநாள் சாயங்காலம் அவர் கிளம்பும்போது, மழை வரும்போல இருக்கு டாக்டர் என்று சொல்லிவிட்டேன். எதை வச்சு என்றார். எரிச்சலில், சுவரோரம் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறும் எறும்பைக் காட்டினேன். குனிந்து நன்றாகப் பார்த்தார். “சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டு போனார். அன்று மழை வரவில்லை. மறுநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று வேறெங்கும் நான் பார்க்காதது. பரிசோதனை முடிவைத் தாளில் எழுதி அனுப்பினால் போதாது. ரத்தம் எடுத்தவளே படுக்கைக்குப் போய், நோயாளியிடமும் கூட வந்தவர்களிடமும் வாயால் சொல்ல வேண்டும். “தாள வாசிக்கத் தெரியாதவங்க பாதிப்பேரு. உங்க மூஞ்சியத்தான் வாசிப்பாங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க” என்பார். ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது. போகப் போக அதில் ருசி கண்டுவிட்டேன். டாக்டர் பேசினால் பயந்து தலையாட்டுகிறவர்கள் என்னிடம் கேள்வி கேட்டார்கள். நானும் கேட்டதற்கு மேலேயே பதில் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

எங்கள் கரிசல் பக்கம் டெங்கு வருவது வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். தண்ணீரே இல்லாத ஊரில் தண்ணீரில் பிறக்கும் கொசுவா என்பார்கள். தண்ணீர் இல்லாததால்தான் அது வருகிறது. புதூர் பக்கத்து ஊர்களில் குழாயில் பத்து நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வந்தால் பெரிய விஷயம். வந்த அன்றைக்கு டிரம், தொட்டி, குடம், அண்டா, பழைய பெயிண்ட் வாளி எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். அந்தக் கொசுவுக்கு வேண்டியது அந்த நல்ல தண்ணீர்தான்.

சண்முகத்தாய் அப்படி ஓர் ஊரிலிருந்து வந்தவள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவளும் கணவர் செல்லையாவும் நூற்றிருபது ஆடுகள் வைத்திருந்தார்கள். அறுவடை முடிந்த காடுகளில், உரத்துக்காக ஆடுகளை ராத்தங்க வைத்துக் கிடை போடுவது அவர்கள் தொழில். கிடை போன இடமெல்லாம் ஒரு நீல டிரம்மில் குடிதண்ணீரும் கூடவே போகும். முதல் தடவை அவள் காய்ச்சலோடு வந்தபோது பரிசோதனை அட்டையில் டெங்குக் கோடு பளிச்சென்று விழுந்தது. ஆனால் உடம்பு பெரிதாக ஒன்றும் கெடவில்லை. ஐந்தாம் நாள் கஞ்சி குடித்துவிட்டு, எதிர்ப் படுக்கைக்காரிக்கு ஆட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்வது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகிற அன்று கடைசிப் பரிசோதனையின் முடிவைச் சொல்லப் போனேன். பிளேட்லெட் என்கிற தட்டணு ஏறியிருந்தது, எல்லாம் நல்ல சேதி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மறுபடி வந்துருமாக்கா?” என்று கேட்டாள். கண்ணில் அப்படி ஒரு பயம். எனக்கு மனசு இளகிவிட்டது.

“ஏட்டி, அம்மை மாதிரிதான் இதுவும். ஒருக்க வந்துட்டா உடம்பு அத அடையாளம் வச்சுக்கிடும். இனிமே வராது, தைரியமாப் போ” என்றேன்.

யாரும் என்னை அதைச் சொல்லச் சொல்லவில்லை. எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று என் வாயிலிருந்து வந்தது. பதினைந்து நாள் கழித்து ஒரு மஞ்சள் பை நிறைய அதலைக்காயோடு வந்தாள். மழைக்குக் கரிசல் காட்டில் தானாக முளைக்கும் கசப்புக்காய், பாகற்காய்க்குத் தம்பி. குனிந்து குனிந்து பொறுக்கினால்தான் ஒரு பை சேரும். “எங்க ஊர்ல காய்ச்சல் வந்த எல்லாருக்கும் நீங்க சொன்னதச் சொல்லிட்டேன்க்கா. சனம் நிம்மதியா இருக்கு” என்றாள். அந்தக் காயை வதக்கித் தின்றபோது எனக்கு எவ்வளவு பெருமை!

இரண்டு வருஷம் கழித்து, ஒரு கார்த்திகை மாதம், முற்பகலில் செல்லையா அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார். நான்கு நாள் காய்ச்சல். அன்று விடிகாலையில் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் வயிற்றுவலியும் வாந்தியும் நிற்கவில்லை. கை சில்லிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

ரத்தம் எடுத்தேன். தட்டணு முப்பத்தெட்டாயிரம். ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாது. தட்டணுவைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுவார்கள், பப்பாளி இலையைத் தேடி ஓடுவார்கள். டாக்டர் சவரிராயன் முதலில் கேட்பது பி.சி.வி. என்கிற இன்னொரு எண்ணை. முடியைவிடக் கொஞ்சம் தடிமனான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை முக்கால்வாசி ஏற விட வேண்டும். ஒரு முனையைக் களிமண் போன்ற ஒரு பசையில் குத்தி அடைக்க வேண்டும். அடைப்பு சரியில்லை என்றால் சுற்றும்போது ரத்தம் முழுவதும் பீய்ச்சி வெளியே போய்விடும். அதைச் சுழலும் இயந்திரத்தில் ஐந்து நிமிஷம் சுற்றினால் சிவப்பணுக்கள் கீழே படியும், மேலே வெளிர்மஞ்சள் நீர் நிற்கும். நூறு பங்கில் சிவப்பு எத்தனை பங்கு என்று அளவுகோலில் வைத்துப் பார்ப்பதுதான் பி.சி.வி. இந்தக் காய்ச்சல் முற்றினால் ரத்தக் குழாய்களின் சுவர் கசிய ஆரம்பிக்கும். மஞ்சள் நீர் வெளியே போய்விடும், சிவப்பணு உள்ளேயே நிற்கும். எண் ஏறும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலே உள்ளுக்குள் ஆள் வற்றிப்போய்விடுவார்கள்.

அவளுக்கு நாற்பத்தொன்று வந்தது. பெண்களுக்கு அது சாதாரண எண்தான். வேறு இடமாக இருந்தால் பரவாயில்லை என்றிருப்பார்கள். எங்கள் டாக்டர் பழைய பதிவேட்டை எடுக்கச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் உடம்பு தேறி வீட்டுக்குப் போன அன்று அவளுடைய எண் முப்பத்தைந்து. அவள் உடம்புக்கு முப்பத்தைந்துதான் சரி.

டெங்குப் பரிசோதனை அட்டையும் போட்டேன். அதில் பழைய தொற்றைக் காட்டும் கோடு, புதிய தொற்றைக் காட்டும் கோட்டைவிடத் தடிமனாக விழுந்தது. டெங்குதான், அதுவும் இரண்டாம் தடவை. டாக்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு செல்லையாவிடம், “நாலு நாளா ஏன் வரல?” என்று கேட்டார்.

செல்லையா என்னைக் கைகாட்டினார். குற்றம் சொல்லவில்லை அந்த மனிதர். சாட்சிக்குக் கூப்பிடுவதுபோலச் சொன்னார். “இந்த அக்காட்டக் கேளுங்கய்யா. ஒருக்க வந்துட்டா மறுக்க வராதுன்னு இவியதான் சொன்னாக. அதான் இது சாதாக் காய்ச்சல்னு கிடையிலயே படுக்க வச்சிருந்தோம்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. டாக்டர் அவர்கள் முன்னால் ஒன்றும் சொல்லாமல் குளுக்கோஸ் பாட்டிலைப் போடச் சொல்லிவிட்டு, என்னைப் பரிசோதனை அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“எதை வச்சுச் சொன்னீங்க, எஸ்தர்?”

என்னிடம் ஒரு எறும்புகூட இல்லை. அழுதுவிட்டேன். அவர் ஒரு பழைய சீட்டைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் ஒரு வட்டம் வரைந்தார். அழுகிறவர்களுக்கு அவர் தரும் ஆறுதல் அதுதான், பாடம்.

அந்த வட்டம் ஒரு செல். அதன் மேல்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. செல் தன் சொந்த வேலைக்கு வைத்திருப்பவை அவை. சத்தை வாங்க, சேதியை வாங்க, கிருமியையும் குப்பையையும் பிடித்து உள்ளே இழுத்து அழிக்க. வைரஸுக்கு நடக்கவும் தெரியாது, துளைக்கவும் தெரியாது. இந்த ஏற்பிகளில் ஏதாவது ஒன்றில் போய் மாட்டிக்கொள்வது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி. டெங்கு வைரஸின் உறைமேல் சர்க்கரைத் துணுக்குகள் இருக்கும். அதைக் கிருமி என்று அடையாளம் கண்டு ஓர் ஏற்பி பிடிக்கும். செல் அதைச் சின்னப் பையில் வைத்து உள்ளே இழுக்கும். பைக்குள் புளிப்பு ஏறும். அது கிருமியை அழிப்பதற்கான ஏற்பாடு. இந்த வைரஸ் அந்தப் புளிப்பு பட்டதும் தன் உறையைப் பையின் சுவரோடு ஒட்டி, உள்ளிருப்பதைச் செல்லுக்குள் கொட்டிவிடும். அப்புறம் அந்தச் செல்லே வைரஸ் செய்யும் பட்டறை.

“இது முதல் தடவை. இப்ப ரெண்டாவது தடவைக்கு வாங்க” என்று பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டார்.

டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகை மறுபடி வராது. அதுவரைக்கும் நான் சொன்னது சரி. ஆனால் வேறு வகை வந்தால், பழைய வகைக்காக உடம்பு செய்து வைத்த எதிர்ப்பொருள் இதையும் அடையாளம் கண்டு போய்ப் பிடிக்கும். பிடிக்குமே தவிர, சரியாகப் பொருந்தாததால் கொல்லாது. எதிர்ப்பொருளின் வால் பகுதியைப் பிடித்து இழுப்பதற்கென்றே வெள்ளணுக்கள் சிலவற்றில் தனியாக ஓர் ஏற்பி இருக்கிறது. எதிர்ப்பொருள் பிடித்து வந்தால் அது செத்த கிருமி என்று நம்பி உள்ளே இழுத்துவிடும். வைரஸ் உயிரோடு, சிரமமில்லாமல் உள்ளே போகும். முதல் தடவையைவிட நிறையச் செல்களுக்குள் போகும். அதனால் இரண்டாம் காய்ச்சல் முதல் காய்ச்சலைவிட மோசமாகலாம்.

இப்போதெல்லாம் கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். ரத்தக்கசிவுக் காய்ச்சல் தரும் வைரஸ் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஏற்பியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. உண்ணி கடித்து வரும் ஒன்று, கொழுப்பை உள்ளே வாங்கும் ஏற்பியைப் பிடிக்கிறதாம். எபோலாவுக்கு முக்கியமாக வேண்டிய ஏற்பி செல்லுக்கு வெளியே இல்லை, உள்ளே இழுத்த பையின் சுவரில் இருக்கிறதாம். படிக்கப் படிக்க, எந்த வைரஸும் தனக்கென்று ஒரு கதவைச் செய்துகொள்ளவில்லை, எல்லாம் நம்முடையதுதான் என்று தெரிகிறது.

அன்று டாக்டரின் பாடம் முடிவதற்குள் வார்டிலிருந்து சத்தம் கேட்டது. செல்லையா மனைவியை எழுப்பி உட்கார வைத்துவிட்டார். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, கிடையில் தம்பி தனியாக இருக்கிறான், வீட்டுக்குப் போகிறோம் என்றார். நர்ஸ் சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. டாக்டர் போய், காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்றார். “டெங்குன்னா சரிய்யா. அதுதான் அவளுக்கு வராதே” என்று செல்லையா பணிவாகச் சொன்னார். டாக்டர் திரும்பி வந்தார்.

“அவரு உங்களத்தான் நம்புதாரு. நீங்களே போய்ச் சொல்லுங்க” என்றார்.

இருபதடி தூரம்தான் அந்தப் படுக்கை. எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. வார்டில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணாச்சி, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. தெரியாமச் சொல்லிட்டேன். இது டெங்குதான். முன்னைக்கு விட மோசமா வந்திருக்கு.”

அவர் முகம் மாறியது. “என்னத்தச் சொல்லுதீங்க? உங்க பேச்சக் கேட்டுத்தான நாலு நாளு போட்டு வச்சிருந்தேன்?”

“ஆமா.”

“இப்ப மட்டும் உங்கள எப்படி நம்ப?”

நியாயமான கேள்வி. சர்க்கரைத் துணுக்கு, எதிர்ப்பொருள், வால் என்று ஆரம்பித்தால் அவர் பெண்டாட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்து தோன்றியதோ, “உங்க கிடைக்கு நாய் இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“இருக்கு.”

“அது ஒரு நரியக் கவ்விக்கிட்டு வருது. பட்டிக்கு உள்ள வரணும்னு படல்கிட்ட நிக்குது. என்ன செய்வீங்க?”

“நம்ம நாய்தானன்னு படலத் திறந்து விடுவேன்.”

“நரி சாகலன்னா?”

கிடைக்காரருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. “உள்ள ஆடு பூராம் போச்சு” என்றார் மெதுவாக.

“போன தடவை வந்த காய்ச்சல் இவ உடம்புல ஒரு நாய விட்டுட்டுப் போயிருக்கு. இந்தத் தடவை வந்தது வேற நரி. நாய் கவ்விக்கிட்டு வருது, ஆனா கொல்லத் தெரியல. இவ உடம்பும் உங்கள மாதிரி படலத் திறந்து விட்டுருச்சு.”

செல்லையா மனைவியைப் படுக்க வைத்தார். போர்வையை இழுத்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தம்பிக்குப் போன் பண்ணி, வர நாளாகும், ஆட்டைப் பார்த்துக்கொள் என்றார்.

பன்னிரண்டு மணிக்கு அவளுடைய எண் நாற்பத்துநான்கு. இரண்டரைக்கு நாற்பத்தேழு. நாடி நூலாகப் போனது. டாக்டர் நாற்காலியைப் படுக்கைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, நிமிஷத்துக்கு இத்தனை சொட்டு என்று அவரே மருந்து நீரைக் கூட்டினார், குறைத்தார். குறைவாகப் போனால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், அதிகமாகப் போனால் நுரையீரலில் தேங்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவள் விரலைக் குத்தினேன். ஒவ்வொரு தடவையும் குழாயை அடைத்துவிட்டு, ஐந்து நிமிஷமும் ஜெபம் பண்ணினேன். ஜெபத்துக்கு எதை வச்சு என்று டாக்டர் கேட்கவில்லை. மறுநாள் காலை எண் நாற்பதுக்கு இறங்கியது. மதியம் முப்பத்தேழு. இறங்குவது கசிந்த நீர் திரும்பி வருகிற அடையாளம், உடனே பாட்டிலை நிறுத்தச் சொன்னார். சாயங்காலம் சண்முகத்தாய், “பசிக்குது” என்றாள். செல்லையா வராந்தாவில் போய் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன்.

அவள் பிழைத்ததும் என் நெஞ்சு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. ‘எல்லாருக்கும் சொல்லிட்டேன்க்கா’ என்று அவள் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் வீட்டுக்குப் போன அன்று டாக்டரிடம் ஒருநாள் விடுப்புக் கேட்டேன். எதற்கு என்று சொன்னேன். அந்த ஒருதரம் மட்டும் கேள்வி கேட்காமல், “என் காரை எடுத்துக்கிடுங்களேன்” என்றார். வேண்டாம், பஸ்ஸில் போகிறேன் என்றேன்.

புதூரில் இறங்கி இரண்டு மைல் நடந்தேன். மழை பெய்த கரிசல் மண், செருப்பு கையில்தான். சண்முகத்தாய் எழுந்து நிற்கவே தள்ளாடினாள். ஆனாலும் நானும் வாரேன் என்று பிடிவாதம். செல்லையா என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. ஒரு கம்பை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, “வாங்க” என்று எனக்கும் சேர்த்துச் சொல்லி முன்னால் நடந்தார்.

முந்திய தடவை காய்ச்சல் வந்த வீடுகள் ஏழோ எட்டோ. ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஒருக்க வந்துட்டா வராதுன்னு சொன்னது தப்பு, மறுக்க வந்தா முதல் நாளே வந்துருங்க என்று சொன்னேன். ஒரு பெரியவர், “இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?” என்று சிரித்தார். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் திட்டினார்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

ஆறாவது வீட்டில் விளக்குப் போடாத அறையில் ஒரு இளம்பெண் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. எத்தனை நாளா என்று கேட்டேன். நேற்றிலிருந்து என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்றேன். அவளுக்கு என்னைத் தெரியாது. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“இது சும்மா காய்ச்சல்தான்க்கா. எனக்குத்தான் டெங்கு ஒருக்க வந்துட்டுதே. இனிமே வராதாம். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில ஒரு அக்கா சொல்லிருக்காகளாம்.”

“அந்த அக்கா நான்தான்ட்டி” என்றேன். “எந்திரி. நாலு மணி பஸ்ஸப் பிடிக்கணும்.”